அற்புதம் தேர்ந்தெடுத்த வண்டி

சந்தனசாமிக்கு ஐம்பத்தொரு வயது. திருமலைராயன்பட்டினத்தில் வாடகை வீடு. கோட்டுச்சேரிக்கு அப்பால் ஒரு ஐஸ் கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர் வேலை. பத்தொன்பது வருடங்களாக ஒரே மோட்டார் சைக்கிளில்தான் காரைக்காலைக் கடந்து போய் வந்ததில் முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் மனைவி அற்புதமும் மட்டும்தான்.

அற்புதத்தின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு ஒன்றரை வருடமாகிறது. திங்கள், வியாழன் காலைகளில் அவளை டயாலிசிஸுக்காக அரசு மருத்துவமனையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். மதியம் சூப்பர்வைசர் பூமிநாதனிடம் சொல்லிவிட்டு வந்து, அவளை வீட்டில் சேர்த்துவிட்டுத் திரும்புவார். காலையில் ஊர்க்கதை பேசிக்கொண்டே வருகிறவள், மதியம் பிழிந்த துணி போலாகியிருப்பாள். இடது கையில்தான் ஊசி ஏற்றுகிறார்கள். அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வலது கையை மட்டும் அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொள்வாள். அது நழுவாமல் அவர் தன் இடது கையால் பற்றிக்கொள்வார். பிறகு கிளட்ச் பிடிக்க ஏது கை? சைக்கிளில் போகிறவர்களெல்லாம் முந்திப் போக, ஒரே கியரில் வண்டி முனகிக்கொண்டே பட்டினம் போய்ச் சேரும்.

பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, உச்சி வெயிலில், அந்த வண்டி அரசலாற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. சந்தனசாமி உதைத்து உதைத்து ஓய்ந்தார். திரும்பிப் பார்த்தபோது, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்த அற்புதம் தரையில் சரிந்து கிடந்தாள். லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். மறுநாள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இனி இதற்குச் செலவழிப்பது வீண் என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு சந்தனசாமிக்கு வேறு நினைப்பே இல்லை. கம்பெனி வாசலில் நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யாரிடமும் கேட்கவில்லை. பின் சீட்டில் ஏறி, பெண்களைப் போல ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். சீட்டு எத்தனை சாண் நீளம், கால் வைக்கிற கம்பி எட்டுகிறதா, முதுகுக்கு முட்டுக் கொடுக்க ஏதாவது உண்டா என்றே கவனிப்பார். ஐஸ் பாரம் ஏற்ற வந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சாமி, வண்டிய நீ ஓட்டப் போறியா, இல்ல ஒன்ன யாராச்சும் பின்னால வச்சு ஓட்டப் போறாங்களா?" என்றார் பூமிநாதன்.

சந்தனசாமியும் சிரித்து வைத்தார். அவருடைய கணக்கு அவருக்கு. பின்னால் அவள் சுகமாக உட்கார்ந்துவிட்டால் போதும். இன்னும் எத்தனையோ வருடம் இப்படியே ஓட்டிவிடலாம். அவளுக்கு இனி நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை. விழுந்ததை அவர் உள்ளே விடவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை இருவரும் பஸ்ஸில் காரைக்கால் வந்து ஷோரூமுக்குப் போனார்கள். மண்டபத்தூர்க்காரனான ஜாக்சன் அங்கே விற்பனை பார்க்கிறான். அவன் மைலேஜையும் செல்போன் சார்ஜ் ஏற்றுகிற வசதியையும் சொல்ல ஆரம்பித்தான். சந்தனசாமி கேட்கவில்லை. ஸ்கூட்டரைக் காட்டினான். சின்னச் சக்கரம் குழியில் இறங்கினால் அவள் உடம்பு தாங்காது என்று விலக்கிவிட்டார். நான்கு மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தச் சொல்லி, ஒவ்வொன்றிலும் முன்னால் தான் ஏறி, பின்னால் அற்புதத்தை ஏற்றினார். ஜாக்சன் வண்டியைப் பிடித்துக்கொண்டான். ஏறும்போது ஒரு மூச்சு, இறங்கும்போது ஒரு மூச்சு. நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, நான்குமே நன்றாக இருக்கிறது என்றாள் அற்புதம்.

நான்காவது வண்டியின் சீட்டுதான் நீளம். அதற்குப் பின்னால் சாய்மானம் பொருத்த முடியுமா என்று கேட்க சந்தனசாமி சர்வீஸ் கொட்டகைக்குப் போனார். முடியும் என்றார்கள். அந்தச் சந்தோஷத்தோடு அவர் திரும்பி வந்தபோது, அற்புதம் ஒரு மூலையில், வேறொரு வண்டியின் ஹேண்டில்பாரைத் தொட்டபடி நின்றாள். அதில் ஓட்டுகிறவரின் சீட்டு அகலமாக, மெத்தென்று இருந்தது. பின் சீட்டோ ஒட்டுத்துண்டு போலக் குறுகலாக மேலே தூக்கியிருந்தது.

முதுகுவலிக்காரர் தினமும் இருபத்தைந்து கிலோமீட்டர் போக எது நல்லது, ராத்திரியில் வரும்போது எதற்கு வெளிச்சம் அதிகம் என்று அக்கா கேட்டதாகவும், அதனால்தான் இதைக் காட்டியதாகவும் ஜாக்சன் சொன்னான்.

"இதையே எடுத்துருவோங்க" என்றாள் அற்புதம்.

"இதுல நீ எங்க ஒக்காருவ?"

"நா எத்தன நாளைக்கி ஒக்காரப் போறேன்? நீங்கதான் இன்னும் பதினஞ்சு வருசம் ஓட்டணும்."

அவள் அதை வெண்டைக்காய் விலை சொல்வது போலச் சொன்னாள். ஜாக்சன் தலையைக் குனிந்துகொண்டு தள்ளிப் போய்விட்டான். அவளோடு வாழத்தான் அவர் வண்டி தேடி வந்தார். அவளோ, தான் போன பிறகு அவர் போக ஒரு வண்டி தேடி வந்திருக்கிறாள். எதையும் எடுக்காமல் வெளியே வந்தார். பஸ் நிரவி தாண்டுவதற்குள் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வெடித்தார். நீள சீட்டு வண்டிதான் வாங்குவேன், இல்லையென்றால் வண்டியே வேண்டாம், நடந்தே சாகிறேன் என்று கத்தினார். அற்புதம் அவர் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, இனித் தன்னால் வண்டியில் உட்கார முடியாது என்றாள். பழைய வண்டி பாலத்தில் நிற்பதற்கு முன்பே இரண்டு முறை கண் இருட்டி, பின்பக்கம் சாயப் போனாளாம். பயந்துவிடுவார் என்று சொல்லாமல் இருந்தாளாம். பக்கத்து வீட்டு ஆரிபாவின் தம்பியிடம் ஆட்டோவுக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

"நா இருக்கும்போதே வாங்கிருங்க. நீங்க அதுல போறத ஒரு தடவ பாத்துக்கறேன். எனக்கு அது போதும்."

சந்தனசாமி அவள் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்தொன்பது வருடம் பின்னால் சுமந்தவளை இறக்கிவிடுவதற்கு எந்தக் கணவனால் சம்மதிக்க முடியும்? ஆனாலும் சம்மதித்தார். அவளுக்கென்று அவரால் செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வண்டி வந்தது ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் நாள். மதியம் மருத்துவமனை வாசலில் ஆரிபாவின் தம்பி அற்புதத்தை ஆட்டோவின் பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தான். சந்தனசாமி புது வண்டியில் முன்னால் போனார். முதுகு நோகவில்லை. சத்தமே இல்லாமல் வண்டி நழுவிக்கொண்டு போனது. இடது கைக்குப் பிடிக்க எதுவும் இல்லாமல், அது கிளட்சின் மேல் சும்மா கிடந்தது.

வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஆட்டோவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் அவர் முதுகோடு ஒட்டியிருந்தவள், இன்றுதான் அவர் தனியாகப் போகிற அழகைத் தூரத்திலிருந்து பார்க்கிறாள். அவரால் மேலே போக முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

ஆட்டோவும் நின்றது. அற்புதம் வலது கையை மெல்ல வெளியே நீட்டி, போங்க, போங்க என்று அசைத்தாள்.

சந்தனசாமி கியரைப் போட்டார்.