ஈரத்துக்கு இரண்டு கிலோ

என் கணவர் கந்தனுக்குக் கடவுள்மேல் பக்தி உண்டு. தராசின்மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உண்டு. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருபத்தோரு வருடமாகக் கொழுந்து நிறுக்கிறார். பெண்கள் பறித்துவரும் பைகளை ஷெட்டில் தராசில் ஏற்றி, எண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுதுவது அவர் வேலை. கெஞ்சினாலும் சரி, சண்டைக்கு வந்தாலும் சரி, பதில் ஒன்றுதான்: தராசு பொய் சொல்லாது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் சுகந்தி, அதே எஸ்டேட்டில் பால்வாடி டீச்சர்.

போன ஆவணியில் அவருக்குத் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு தெரிந்தது. குடலிறக்கம். கோயம்புத்தூரில் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தாக வேண்டும், ஆனால் தொண்ணூற்றிரண்டு கிலோ உடம்பில் தையல் நிற்பது கஷ்டம், எண்பத்தைந்துக்கு இறங்கிவிட்டுக் கார்த்திகைக் கடைசியில் வாருங்கள் என்றார். அதற்குள் குடல் சிக்கி வலி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னார். டவுனில் இருப்பவர்களுக்கு அது சுலபம். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் நாங்கள் கோத்தகிரி சுற்றிப் போக வேண்டும். அங்கேயும் சரிந்தால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் சோற்றைக் குறைத்தார், காலையில் ஃபேக்டரி வரைக்கும் நடந்தார். தினமும் ஷெட்டைத் திறந்ததும் முதல் வேலையாகத் தராசில் தானே ஏறி நின்றார். முத்திரை போட்ட தராசாம், கடையில் விற்கிற பொம்மைத் தராசு இல்லையாம். பத்தே நாளில் இரண்டரை கிலோ குறைந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அப்போதுதான் அருவங்காடு குவார்ட்டர்ஸில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து வந்தது. ஒரு தட்டு பிரியாணி, ஊறுகாய், இரண்டு அப்பளம், அவ்வளவுதான் சாப்பிட்டார். மறுநாள் காலை தராசு ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டியது. பறிகொடுத்தவர் மாதிரி நாளெல்லாம் திரிந்துவிட்டு, சாயங்காலம் சமையற்கட்டுக்கு வந்து எண்ணெய்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, கொழம்புக்கு எண்ணெய் சேத்தி ஊத்துறியா?"

இந்த மனிதருக்காக நானும் இரண்டு வாரமாக உப்புச் சப்பில்லாமல் தின்றுகொண்டிருந்தேன். எண்ணெயை டீஸ்பூனில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்கப்புறம் தராசு ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. ஒருநாள் முந்நூறு கிராம் ஏறும், மறுநாள் அறுநூறு இறங்கும், அதற்கடுத்த நாள் தொள்ளாயிரம் ஏறும். கூடவே அவர் முகமும் ஏறி இறங்கும். ஏறினால் அன்று ராத்திரிச் சாப்பாடு கிடையாது. பிறகு காலைப் பலகாரமும் நின்றது. தண்ணீரையும் நிறுத்தியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு லிட்டர் குடித்துவிட்டு ஏறி நின்றால் ஒரு கிலோ கூடியதாம். தராசுதான் பொய் சொல்லாதே! தண்ணீர் இல்லாமல் மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கிப் புடைப்பில் வலியும் வந்திருக்கிறது. அதையும் என்னிடம் மறைத்தார்.

ஐப்பசி பிறந்து சில நாள் இருக்கும். மழை விட்டு வெயிலடித்த ஒரு மதியம், ஷெட்டில் நிறுத்துக்கொண்டிருந்தவர் தலை சுற்றிக் கொழுந்துக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று ஆள் ஓடி வந்தது. பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தால், வேண்டாம், எடை ஏறிவிடும் என்று தள்ளுகிறார். முந்தின நாள் மதியத்திலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்து பறிக்கும் பேச்சி முந்திக்கொண்டாள். மழை பெய்தால் அவரோடு சண்டை போடாமல் போக மாட்டாள் அவள். அவளுடைய நனைந்த பை இன்னும் தராசின்மேல்தான் இருந்தது.

"ஏனுங்ணா, எங்க பையில ஒட்டுன மழைத்தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கிறீங்க. உங்க உடம்புத் தண்ணிக்கு யாருங்ணா கழிக்கிறது?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பேச்சியின் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த தம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

சாயங்காலம் எனக்கே பாடம் எடுத்தார். மழையில் இருபத்திரண்டு கிலோ நிற்கிற பை, ஃபேக்டரியில் காய்ந்து வந்தால் இருபது கிலோ கொழுந்துக்கான தூளைத்தான் கொடுக்கும். பச்சை எடை மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும், தூள்தான் நிஜம். இதை இருபத்தோரு வருடமாகச் சொல்லித்தான் பேச்சியிடம் கழித்திருக்கிறார், தன் உடம்புக்கு மட்டும் தோன்றவில்லை. நானும் ஒன்றும் மேதாவி இல்லை. பால்வாடியில் குழந்தை மூத்திரம் போவதற்கு முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை என்பது எனக்குத் தெரியாதா? டிஸ்பென்சரி நர்ஸைக் கேட்டோம். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரே ராத்திரியில் ஒன்றரை கிலோ கொழுப்பு ஏறாது, முதல் பத்து நாளில் குறைந்ததிலும் பெரும்பங்கு தண்ணீர்தான் என்றார்.

மறுநாளிலிருந்து வெளிக்குப் போய்விட்டு வந்து, டீ குடிப்பதற்கு முன்னால், அதே பனியனோடு ஏறினார். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, ஞாயிற்றுக்கிழமை வரும் எண்ணை மட்டும் நம்பினார். அது வாரத்துக்கு அரை கிலோ என்று சத்தம் போடாமல் இறங்கியது. தீபாவளி வாரத்தில் ஏறியபோது, "மழைக் கொழுந்து" என்று சிரித்தார். ஷெட்டில் நனைந்த பையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு வடிந்த பிறகே நிறுக்கிறார். கழிப்பதும் ஈரத்துக்குத் தக்கபடிதான், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கிலோ இல்லை. இந்த மயக்கம் அவருக்கு எப்போதோ வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது பேச்சியின் அபிப்பிராயம்.

கார்த்திகைக் கடைசியில் போனோம். ஆஸ்பத்திரித் தராசு எண்பத்தைந்து புள்ளி ஒன்பது காட்டியது. இன்னும் எத்தனை மாதம், இன்னும் எத்தனை மழை என்று மனசு ஓடியது. அவர் பதறாமல் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"நேத்து மச்சான் ஊட்டுல கருவாட்டுக் கொழம்புங்க. இதுல ஈரம் இருக்குதுங்க. வாரக் கணக்கைப் பாருங்கம்மா."

கடைசி மூன்று வாரம்: எண்பத்தாறு, எண்பத்தைந்தரை, எண்பத்தைந்துக்கு நூறு கிராம் குறைவு. டாக்டரம்மா பக்கம் பக்கமாகத் திருப்பினார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மறு வியாழக்கிழமை ஆபரேஷன் என்று எழுதிவிட்டு, வீட்டில் யார் சமையல் என்று கேட்டார்.

"இவதானுங்க. ஒரு சொட்டு எண்ணெய் சேத்தி ஊத்தலைங்க. நாந்தான் தப்பாப் பேசிப்புட்டேன்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு மலையேறும்போது பர்லியாரில் மழை பிடித்துக்கொண்டது. கறுத்த மேகத்தைப் பார்த்தேன். அன்றைக்குப் பசித்தது. காரை நிறுத்தச் சொல்லி, அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட இரண்டு வடை தின்றேன். மறுநாள் நான் எந்தத் தராசிலும் ஏறவில்லை.