கப்பலில் இரண்டாவது ஆள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணப்பாடு பஸ்ஸில் என் பக்கத்தில், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உப்பில் செம்பட்டையான தலைமுடி, இரண்டு காதிலும் ஒயர். போனில் விண்வெளிக் கப்பல் நாடகம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய படகு ஆட்கள் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவார்களாம்.

"கேப்டன் ஒத்தையிலதான் இருக்கான்னு நான் சொல்லுதேன், அண்ணாச்சி. கூட ஒருத்தன் மூச்சு கேக்குன்னு இவனுவ சொல்லுதானுவ."

ஒருவன் பேசி அனுப்பியதையும் போட்டுக் காட்டினார்: "ஏலே, காதைக் கடல்லயா போட்டுட்டு வந்தே?"

சிரித்தார். "நெசந்தான். இடது காது சவ்வு கிழிஞ்சு போச்சு. அவனுவளுக்குத் தெரிஞ்சா கடலுக்குக் கூட்டிட்டுப் போமாட்டானுவ."

நாடகத்தில் சில சத்தம் ஒரு பக்கத்து ஒயரில் மட்டும் வரும் என்று என் மகள் சொல்லியிருந்தாள். புது ஆளிடம் எனக்குப் பேச வராது. ஆனாலும், "இடது ஒயரை வலது காதுல வச்சுப் பாருங்க" என்றேன்.

வைத்தவர் கண்ணை மூடி, அந்த இரண்டாவது மூச்சை எண்ணுவது போல விரலை மடக்கினார்.

"இத்தனை நாளும் செத்த காதுலல்லா கதை கேட்டிருக்கேன்."

உடனே போனை வாயருகே வைத்து, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்: "ஏலே, நான் சொன்னது தப்பு. கப்பல்ல ரெண்டு பேரு. எனக்கு இடது காது கேக்காது, அதான்."

"வேலை போயிராதா?" என்றேன்.

"போனாப் போகட்டும். அந்த ரெண்டாவது ஆளு பாவம், இவ்வளவு நாளா மூச்சு விட்டுக்கிட்டே இருந்திருக்காம்லா. நான் அவன் இல்லவே இல்லைன்னுல்லா சொல்லிட்டிருந்தேன்."

நாடகத்தில் வரும் ஆளுக்காக ஒருவர் அப்படிச் செய்வாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

எழுதியது: ஐப்பசி 12, புதன்கிழமை.