காணாமல் போனவளுக்கு விழுந்த அடி

பசங்களா, இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

நான் திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு பௌர்ணமி மாலை, இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளோடு மலை சுற்றப் போனேன். வழியில் ஒரு போலீஸ்கார அம்மா குழந்தைகளின் கையில் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு மேடம். என் பொண்ணுக்கு மலை சுத்துற வழியில இருக்கற எட்டு லிங்கமும் மனப்பாடம்" என்றேன்.

செங்கம் ரோட்டுக் கூட்டத்தில் அவள் கை நழுவியது. பைத்தியம் மாதிரி ஓடினேன். ஒரு மோர்ப்பந்தல் பெஞ்சில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். அள்ளி அணைத்திருக்க வேண்டும். அறைந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. என் ஆட்டோ சத்தம் கேட்டாலே அம்மா பின்னால் ஒளிந்தாள். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம். அந்த நாளைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். அப்போதும் தூக்கத்தில் திடுக்கிட்டாள்.

எங்கள் தெரு அங்கன்வாடியில் மாதம் ஒருநாள் நர்ஸ் அம்மா பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவார். அங்கே அவளை அழைத்துப் போனோம்.

"கண்ணு, அன்னிக்கு எது ஜாஸ்தி பயமா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கூட்டம் இல்ல. பந்தல்ல மோர் குடுத்தாங்க. அப்பா வந்து அடிச்சாரு பாருங்க, அப்பதான்."

நான் எழுந்துவிட்டேன்.

"பெத்தவங்க அடிக்காம இருப்பாங்களா? நாங்க எல்லாருந்தான் அடிக்கிறோம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் எனக்காகப் பேசினார்.

"அதனாலதாங்க எல்லாரையும் உக்கார வெச்சிருக்கேன்" என்றார் நர்ஸ் அம்மா. பிறகு என்னிடம், "பேசாதேன்னா பயம் உள்ளயே தங்கிடும். அவ எத்தன தடவ கேட்டாலும் சலிச்சுக்காம ஒரே பதில் சொல்லுங்க."

அத்தனை பேர் முன்னால் மகளிடம், "அப்பா பண்ணது தப்பும்மா" என்றேன்.

மெதுவாகப் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். ஆனால் தினமும் ஆட்டோவில் ஏறும்முன் கேட்பாள்: "இன்னொரு வாட்டி தொலைஞ்சா அடிப்பியாப்பா?"

"அடிக்க மாட்டேன்."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மாதங்கள் ஓடின.

இன்று காலை அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சாவியைத் திருகாமல், "அடிக்க மாட்டேம்மா" என்றேன்.

"தெரியும்ப்பா. வண்டிய எடு, பெல் அடிச்சிடப் போறாங்க."