நைனா போட்ட மீன்

என்னைப் பெற்ற நைனா வேண்டாம் என்ற ஆளையே கட்டிக்கொண்டு தேனாம்பேட்டைக்குப் போனவள் நான். இரண்டு வருஷத்தில் நைனாவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வராது, அப்படி ஒரு ரோஷம். மீன் வாங்க வந்தவள் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு சாந்தோம் கரையில் கூடைக்காரிகளோடு நின்றேன்.

கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு நைனா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கூடை பிடித்திருந்த கையைப் பார்த்தார். நாலு வவ்வால் மீனைப் போட்டார். சின்ன வயசிலிருந்தே எனக்கு அது உயிர்.

பக்கத்திலிருந்தவள், “இன்னா மாமா, எனக்கு மட்டும் காரப்பொடி, பொடி மீனா?” என்று சிரித்தாள்.

“நான் கேக்கலியே,” என்றேன், குரலை மாற்றி.

“கேட்டாத்தான் குடுக்கணுமா? ஆக்கித் துன்னு. எளச்சிப் பூட்டே,” என்றார் நைனா.

கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரமே கடல் அவரைக் கொண்டுபோயிற்று.

பிள்ளைகள் கேட்கும் முன்னமே பரமபிதா மன்னித்துவிடுகிறார் என்று மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் செய்வார். நிஜம்தான், அதை நான் கூடையில் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் நைனா என்று ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். அதற்குத்தான் இந்த வயசிலும் அழுகிறேன்.