அன்று அவர் ஊசி குத்தவில்லை

போன வருடம் ஐப்பசி மழை சமயம். சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு நானும் என் கணவரும் வாராவாரம் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தோம். அவருக்குப் பார்க்கின்சன் நோய். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். மைதானமெல்லாம் ஓடிய மனுஷர், கை நடுங்கி, நடை சுருங்கி, முகத்தில் சிரிப்பே வராமல் ஆகிவிட்டார்.

நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரைகளோடு, நாத்தனார் சொன்னதால் அக்குபஞ்சரும் ஆரம்பித்தோம். ஊசி போடுகிற பெண் என்னைவிடச் சின்னவர். முதல் நாளே, "இதுல நோய் போயிராதுக்கா. விறைப்பு கொஞ்சம் தளரலாம், தூக்கம் வரலாம். மாத்திரைய மட்டும் விட்டுராதிய" என்று சொல்லிவிட்டார்.

முடி மாதிரி மெல்லிய ஊசிதான். ஆனாலும் குத்தும்போது இவர் கண்ணை இறுக மூடி என் கையைப் பிடித்துக்கொள்வார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை. போகப்போக நன்றாகத் தூங்கினார். தோள்பட்டை கொஞ்சம் இளகியது. எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதியில் இருக்கும்போதுதான் ஒருநாள், பஸ்ஸைவிட்டு இறங்கப் போனவர் படியிலேயே நின்றுவிட்டார். கால் நகரவில்லை. கண்டக்டர், "பைய இறங்குங்க அண்ணாச்சி" என்று அணைத்துப் பிடித்து இறக்கிவிட்டார். ஆட்டோ பிடித்து ஊசி போடுகிற இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

அந்தப் பெண் இவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். எடுத்த ஊசித் தட்டைத் திரும்ப வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, மாத்திரை முழுங்குதியளா?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாளா இல்லம்மா. ஊசிக்கே நோய் கேக்குதே, மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் நான்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பேன். வாயில் போட்டுக்கொண்டு, நான் அடுப்படிக்குத் திரும்பியதும் கொல்லையில் துப்பியிருக்கிறார்.

"திடீர்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கு ஊசி கிடையாது" என்ற அந்தப் பெண், காத்திருந்தவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, எங்களோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். வழியிலேயே நரம்பு டாக்டரிடம் போனில் விஷயத்தைச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் மறுபடியும் இவர் கால் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் குனிந்து தன் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை இவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தார். "என் காலத் தாண்டி வாங்க அண்ணாச்சி." என்ன ஆச்சரியம், இவர் காலைத் தூக்கித் தாண்டினார். அப்படியே தாண்டித் தாண்டி டாக்டர் அறைவரை போய்விட்டோம்.

உடனே வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். படுக்க வைத்து மாத்திரையைத் தொடங்கினார்கள். சாயங்காலம் விறைப்பு விட்ட பிறகு, "ஏன் இப்படிச் செஞ்சிய?" என்று கேட்டேன்.

"ஏளா, தெனமும் நீதான் சட்டைப் பொத்தான் மாட்டிவிடுத. மாத்திரை இல்லாமலே நோய் போயிட்டு, இனி நானே மாட்டிக்கிடுவேன்னு உங்கிட்ட வந்து சொல்லணும்னு இருந்தேன்."

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தேன். அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டேன். அதுவரை எங்களோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண், ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் அவரிடம் போகிறோம். முதலில் மாத்திரை, பிறகுதான் ஊசி. நடுக்கம் இருக்கத்தான் செய்கிறது. எந்த நோயானாலும் அடியோடு போக்குவேன் என்கிற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம், தன்னால் முடியாததை முடியாது என்று சொல்லி, முடிகிறவரிடம் எங்களைக் கூட்டிப்போன அந்தப் பெண்ணின் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.