ஸ்டோக் காங்ரி மலையில் என் கணவர் சொன்ன ‘ஆமென்’

“ஜெயா, நம்ம எக்ஸிட் தாண்டிட்டோமா?” என்று என் கணவர் டேனியல் கேட்டார். ஃப்ரீவேயில் காரில் போகும்போது, வெளியேறும் வழியைத் தவறவிட்டோமா என்று கேட்டிருந்தால் அது சாதாரணக் கேள்வி. அப்போது நாங்கள் லடாக்கில், ஸ்டோக் காங்ரி மலையில், பனியில் நின்றுகொண்டிருந்தோம். 1997 ஆகஸ்ட் மாதம் அது.

எங்கள் வீடு டெக்சஸில், சுகர் லேண்டில். அவர் எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர். நான் நர்ஸ். பெரிய மலையேற்றப் பயிற்சி இல்லாமலே, தெம்பிருந்தால் நடந்தே இந்த மலையின் உச்சிக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. ஆறு வயது மகள் ஷெரினை எங்கள் சபை ஆன்ட்டி ஒருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். லீவு குறைவு என்பதால், உயரத்துக்கு உடம்பு பழகவேண்டிய நாட்களைச் சுருக்கிக்கொண்டோம். முந்தின நாளே அவருக்குத் தலைவலி. “மாத்திரை போட்டா சரியாயிடும். இவ்ளோ தூரம் வந்துட்டு யாராவது திரும்புவாங்களா?” என்றார்.

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேதான் அவர் கால்கள் குடித்தவரைப் போலத் தள்ளாட ஆரம்பித்தன. அப்புறம் அந்தக் கேள்வி. உயரத்தால் மூளையில் நீர் கோத்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. உடனே இறங்காவிட்டால் உயிர் போய்விடும். மருந்தோ கீழே முகாமில்.

“என்னங்க, இறங்கலாம் வாங்க.”

“நீ போ. நான் கொஞ்சம் தூங்கிட்டு வரேன்.”

பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் வழிகாட்டி தோர்ஜேயும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். உதறித் தள்ளினார். அதற்குள் மேகம் இறங்கி எங்களை மூடிக்கொண்டது. வந்த தடம்கூடத் தெரியவில்லை. தோர்ஜேயும் திகைத்து நின்றார்.

முழங்காலில் விழுந்தேன். அழகான ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. “இயேசப்பா, ஷெரினுக்கு அவ அப்பா வேணும். இவரை எழுப்புங்க. வழியைக் காட்டுங்க.” அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கதறினேன். அதற்கு மேல் முடியாமல் “ஆமென்” என்றேன்.

“ஆமென்” என்றார் அவரும்.

சொன்ன கையோடு எழுந்து நின்றார். ஆராதனை முடிந்ததென்று நினைத்தாரோ என்னவோ! பேண்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, “சரி, வீட்டுக்குப் போலாமா?” என்றார்.

“போலாங்க, போலாம்.”

கையைக் கோத்துக்கொண்டேன். தோர்ஜே மறுபக்கம் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், மேகம் விலகியது. கீழே பனியில் எங்கள் தடம் பளிச்சென்று தெரிந்தது.

இறங்க இறங்க அவர் பேச்சு தெளிந்தது. முகாமில் மருந்து கொடுத்து, குதிரையில் ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலை, “பசிக்குது ஜெயா. இங்க இட்லி கிடைக்குமா?” என்றார். சிரித்தேன். பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை. மலையில் நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை.

ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் ஷெரின் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். “டாடி, யூ லுக் ஸோ ஸ்கின்னி!”

முன்பெல்லாம் நாங்களே திட்டம் போட்டுவிட்டு, ஆசீர்வதியும் என்று கேட்போம். இப்போது அவர் முதலில், “ஆண்டவரே, வேண்டாம்னா தடுத்துடுங்க” என்று ஜெபிக்கிறார். உச்சியைத் தொட்டீர்களா என்று கேட்பவர்களிடம், “இல்ல. உயிரோட வந்தேன், அது போதும்” என்கிறார், சந்தோஷமாக.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒருநாள் ஜெபிக்க வார்த்தை வராமல் போகலாம். பரவாயில்லை. வாயில் வந்ததைச் சொல்லி ஆண்டவரைக் கூப்பிடுங்கள். என் குரலைக் கேட்டவர் உங்கள் குரலையும் கேட்பார்.