வெயில் சத்தும் என் ஐஸ் பெட்டியும்

ரத்தம் சுமக்கிற வேலையில் கொடுத்தவரும் திட்டுவார், வாங்கியவரும் திட்டுவார், சுமந்தவனுக்கு மட்டும் ஏன் என்று கடைசிவரை புரியாது. காலையில் வெறும் வயிற்றோடு லேப் வாசலில் காத்துக் கிடந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காவது ஒரு நாள் அவஸ்தை. எனக்கு அதுவே பிழைப்பு.

நான் எட்டாவது வரை படித்தவன். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேன் டிரைவர். அங்கே ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். சிறுநீரகத்துக்கு மேலே குல்லா மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பின் காவல்காரர்களே சில பேருக்கு அதை அடித்து நாசம் பண்ணிவிடுகிறார்களாம். அதே காவல்காரர்கள் இன்சுலின் சுரக்கிற இடத்தை அடித்தால் சர்க்கரை வியாதி. இதில் வைட்டமின் டி குறைவுக்குப் பங்கு உண்டா என்று பார்க்கிறோம் என்றார் அதை நடத்துகிற டாக்டரம்மா. வீட்டில் திருடனே இல்லாமல் காவல்காரன் எதற்கு அடிக்கிறான் என்று கேட்டேன். "அது தெரிஞ்சா ஆராய்ச்சியே வேண்டாமே தங்கராசு" என்று சிரித்தார்.

ஸ்டெல்லா சிஸ்டர் ரத்தம் எடுப்பார். நான் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அந்தப் பெட்டி மேல்தான் ஒரு பழி விழுந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வியாதி இல்லாத குற்றம்

முதல் வாரமே ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீடு. ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. நோயாளிகள் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் ரத்தமும் வேண்டும். அவர் சம்மதித்து எழுதிக் கொடுத்தவர்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு, காபி குடிக்காமல் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. அந்தக் குல்லா சுரப்பியிலிருந்து வருகிற ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்குமாம், அதனால் அந்த நேரத்தில் எடுத்தால்தான் கணக்கு.

சிஸ்டர் ஊசியை எடுத்தார். பேங்க் அதிகாரி கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார். உள்ளே டிகாஷன் வாசனை வேறு. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பெருமாள் கிருபையிலே ஒரு வியாதியும் இல்லாம இருக்கேன். அதுக்கு தண்டனையா ஓய் இது?"

தொட்டியத்து வெயில்

வைட்டமின் டி வெயிலில் வருகிற சத்து. ஆனால் அதற்கு எடுத்த ரத்தக் குழாயை வெள்ளித்தாளில் சுற்றி, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் லேப் விதி. வெயிலில் வந்ததற்கு வெயில் ஏன் ஆகாது என்று ஒருங்கிணைப்பாளர் மூர்த்தியிடம் கேட்டேன். என் மகன் வயசுதான் அவனுக்கு. "சொன்னதைச் செய்யி" என்றான். நான் மறக்கவில்லை.

தொட்டியத்தில் ஒரு வாழை விவசாயிக்கு அந்தச் சத்து குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை கொடுக்கப் போனோம். மனுஷன் தோட்டத்தில் நின்றார். முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசு, கழுத்தைச் சுற்றித் துண்டு. தலைக்கு மேலே வாழை இலை கூரை மாதிரி. தெரிந்தது மூக்கு மட்டும்தான். வெயில் உடம்பில் படணும் ஐயா என்று சிஸ்டர் விளக்கிச் சொன்னார். அவர் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுபது வருஷமா இந்த வெயிலுக்கு ஒளிஞ்சு பொழைச்சிட்டு இருக்கேன். இப்ப வந்து அதை மாத்திரையா முழுங்கச் சொல்றீங்களே, நல்லா இருக்கா?"

பொன்மலையில் நல்ல சேதி

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் கனகா என்று ஒரு பெண். சின்ன வயசிலிருந்தே இன்சுலின் ஊசி. புருஷன் செல்வம் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். நாங்கள் ரத்தம் எடுக்கப் போனபோது அவன் ஷிப்டுக்குப் போக சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பூரிப்பு. கனகாவுக்கு இன்சுலின் அளவு மாசாமாசம் குறைந்துகொண்டே வருகிறதாம். பழைய அளவு போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிறதாம். அவன் காய்ச்சிக் கொடுக்கும் ஆவாரம்பூ கஷாயம் வேலை செய்கிறது என்றான். நானும் கையைக் குலுக்கி வாழ்த்தினேன். இன்று நினைத்தாலும் கை கூசுகிறது.

கனகா எங்களுக்கு மோர் கொடுத்தாள். தன் டம்ளரில் மட்டும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டாள். ஆள் இளைத்து, கறுத்திருந்தாள். வெளியே போவதே இல்லை என்றாள். அப்புறம் எப்படி இவ்வளவு கறுப்பு? உள்ளங்கை ரேகைகளில்கூட கரி தேய்த்த மாதிரி இருந்தது. நான் குழம்பிப் போய்ப் பார்ப்பதைக் கவனித்த செல்வம் சொன்னான்: "அடுப்படியிலேயே கெடக்குறாண்ணே, அந்தப் புகைதான். சர்க்கரை போவுதுல்ல, நெறம் போனா போவுது."

பெட்டி மேல் பழி

கனகாவின் ரிப்போர்ட்டில் அந்தக் காலை ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. டாக்டரம்மா ஊரில் இல்லை. மூர்த்தி என்னைக் கூப்பிட்டான். உட்காரச் சொல்லவில்லை. பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வழியில எங்க நிறுத்துனே?"

டீ குடிக்கப் பத்து நிமிஷம் நிறுத்தியது உண்மை. ஒப்புக்கொண்டேன். ஸ்டெல்லா சிஸ்டரும்தான் குடித்தார், ஆனால் நோட்டில் ஏறியது என் பெயர் மட்டும். 'டிரைவர் கவனக்குறைவு, ரத்தம் கெட்டுவிட்டது, அடுத்த மாதம் மறுபடி எடுக்கவும்.' வேன் வெயிலில்தான் நின்றது, ஆனால் பெட்டிக்குள் ஐஸ் இருந்தது. இருந்ததா? மூடியைச் சரியாக அழுத்தினேனா? ராத்திரி முழுக்க நினைத்துப் பார்த்தேன். மூடிய ஞாபகமும் வந்தது, மூடாத ஞாபகமும் வந்தது. மறுநாள் மூர்த்தியிடம் ஒருவேளை ரிப்போர்ட் சரியாக இருந்தால் என்று இழுத்தேன். அவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த அளவுல ஒருத்தங்க எழுந்து நடக்கவே முடியாது. உனக்கு மோர் கொடுத்தாங்கன்னு நீயே சொல்றே. அப்ப தப்பு யார் மேல?"

புகார் சொல்லப் போனது

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்ததும் அறை வாசலில் போய் நின்றேன். கனகாவைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை, பொய் சொல்ல மாட்டேன். என் பெயர்தான் எனக்குப் பெரிசு. அன்றைக்கு நான் எல்லாவற்றையும் கவனமாகத்தான் பார்த்தேன் என்று காட்டுவதற்காக, பார்த்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். சைக்கிள், கஷாயம், மோர், ஒரு கை உப்பு, கரி பிடித்த உள்ளங்கை, இன்சுலின் குறைந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "உப்பு எவ்வளவு போட்டாங்க?" நான் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். எழுந்துவிட்டார். பத்து நிமிஷ டீக்கு அந்த ஹார்மோன் காணாமல் போகாது என்றார். அப்பாடா என்று மூச்சு விடப் போனேன்.

"அப்ப பெட்டி மேல தப்பு இல்லைங்களே டாக்டரம்மா?"

"உங்க பெட்டி கெடக்கட்டும் தங்கராசு, வேனை எடுங்க. அந்தப் பொண்ணு இன்னும் உயிரோட இருக்கணும்."

கஷாயத்தின் கோபம்

கனகா வாசற்படியில் சாய்ந்து கிடந்தாள். காலையிலிருந்து வாந்தி. நாடியே சரியாகப் பிடிபடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து வீட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அங்கேயே ஒரு ஊசி போட்டார். சலைன் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி சிஸ்டர் வேனில் ஏறினார். எடமலைப்பட்டி புதூரில் இருக்கிற என் வீட்டுக்குச் சாப்பிடப் போகிற அவசரத்தில்கூட நான் அப்படி ஓட்டியதில்லை. கை மட்டும் ஓட்டியது. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. அன்றைக்கே நான் சண்டை போட்டிருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே வந்திருப்போமே.

பிழைத்தாள். அந்தச் சுரப்பியைக் காவல்காரர்கள் முழுசாக அடித்துவிட்டார்களாம். அது வேலை செய்யாததால்தான் நிறம் கறுத்தது, உப்புக்கு நாக்கு அலைந்தது, சர்க்கரை இறங்கியது. குணமாகிறது என்று நாங்கள் கொண்டாடியது அவள் செத்துக்கொண்டிருந்ததை. அந்த ஹார்மோனுக்குப் பதிலாக இனி ஆயுசுக்கும் மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து வைட்டமின் டி-க்கு ரத்தம் எடுக்கப் போனோம். கனகா தெளிந்திருந்தாள். மோர் கொடுத்தாள், அளவாக உப்புப் போட்டு. மாத்திரை சாப்பிடுவதால் பசி வந்து, இன்சுலின் அளவு பழையபடி ஏறிவிட்டது. செல்வம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னை வாங்க என்று சொல்லவில்லை. கனகா உள்ளிருந்து, "அவருக்குக் கோவம்ணே, கஷாயத்தை நான் கொட்டிட்டேன்" என்றாள். அவன் துணியை உதறினான்.

"என்ன இருந்தாலும் சொல்றேன். எம் பொண்டாட்டிக்கு சர்க்கரை நல்லா எறங்கிட்டு வந்துச்சு. உங்க பெட்டி வந்துதான் ஏத்திவிட்டுடுச்சு."

கனகா பிழைத்தாள், செல்வம் என்னோடு பேசுவதில்லை, இந்தக் கேஸைக் கண்டுபிடித்ததற்காக ஆராய்ச்சிக் கூட்டத்தில் மூர்த்திக்குக் கை தட்டினார்கள், அந்த நோட்டில் மட்டும் என் பெட்டி இன்றைக்கும் குற்றவாளிதான்.